அ. அந்தோணி, ஓ நெகட்டிவ்

செப்டம்பர் 2, 2024, திங்கள்

சொந்த ஊரான சிப்பித்துறைக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. ஆறு வாரம் லீவு. என்ன விசேஷம் என்று மேனேஜர் கேட்டார். தேங்கிக் கிடக்கும் லீவு, எடுக்காவிட்டால் வீணாகிவிடும் என்றேன். அக்காவின் பிரசவமும் அதே சமயத்தில் வருவது தற்செயல்.

புளோரா அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. எட்டாம் மாதம். இன்று தூத்துக்குடிக்குக் கூட்டிப் போனேன். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பையின் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறதாம். எப்போது வேண்டுமானாலும் ரத்தம் போகலாம், அக்டோபர் பதினான்கில் ஆபரேஷன், அதுவரை படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அக்காவுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம், வீட்டில் எங்கள் வேறு யாருக்கும் அது இல்லை. அந்த வகைக்கு அந்த வகையைத் தவிர வேறெதுவும் ஏற்ற முடியாது.

"ரத்த வங்கியில எப்பவும் இருக்கும்னு நம்பியிராதீங்கம்மா. கூப்பிட்டா உடனே வர்ற மாதிரி நாலு பேரை ரெடி பண்ணி வச்சிருங்க" என்றார்.

நாலு பேர். பதினான்காம் தேதிக்குள். திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா விரல் விட்டுத் தெரிந்தவர்களை எண்ணிக்கொண்டே வந்தாள். காரில் ஏசி சரியாக வேலை செய்யவில்லை.

செப்டம்பர் 4, புதன்

பிரகாசி அக்கா வந்திருந்தார். எங்கள் கத்தோலிக்கப் பங்கின் மாதர் சங்கத் தலைவி. கோயில் மைக்கில் அறிவிப்பு வாசிப்பதும் அவர்தான். மீன் விலை முதல் மரணச் செய்தி வரை இந்த ஊர் அவர் குரலில்தான் கேட்கும். தவக்காலத்தில் இருந்து வீடு வீடாகப் போய் ரத்தம் கொடுக்கச் சம்மதிப்பவர்களிடம் படிவம் எழுதி வாங்கியிருக்கிறாராம். எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கிறது.

"ஏட்டி ஆக்னஸு, இத அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்தி, இன்ன ரத்தம் இன்ன ஆளுன்னு தட்டுனா வர்ற மாதிரி செஞ்சி தருவியா?"

செய்து தருகிறேன் என்றேன். பொழுது போக வேண்டுமே.

"லீவுல வந்தும் அந்தப் பொட்டியத்தான் கெட்டிட்டு அழப்போறா" என்றாள் அம்மா, நான் கேட்க வேண்டும் என்றே.

செப்டம்பர் 5, வியாழன்

படிவத்தைப் பார்த்தேன். பெயர், வயது, ரத்த வகை, போன், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி. நடுவில் ஒரு கேள்வி: 'பட்டப்பெயர்'. சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது. குளிர், ஏழுமணி, லண்டன், வடக்கயிறு என்று ஒவ்வொருவரும் கூச்சமில்லாமல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உலகமே பார்க்கப்போகிற தளத்தில் இதையெல்லாம் போட்டால் நம்மை என்ன நினைப்பார்கள்?

சங்கத்துப் பெண்கள் இருவர் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறார்கள். அவர்களுக்கு நான் போட்டுக் கொடுத்த அட்டவணையில் பட்டப்பெயருக்கு இடம் வைக்கவில்லை. பிரகாசி அக்கா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் குடும்பத்துப் பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன்.

செப்டம்பர் 9, திங்கள்

இன்று நல்ல வேலை நடந்தது. எனக்கே என் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

பிற்பாடு யாராவது இந்தத் தளத்தைக் கையில் எடுத்தால் உதவும் என்பதால் எழுதி வைக்கிறேன். இது ஸ்டேட்டிக் தளம். பின்னால் ஓடும் சர்வர், டேட்டாபேஸ் எதுவும் கிடையாது. பழுதாக அதில் அதிகம் ஒன்றுமில்லை, மாதர் சங்கத்துக்கு ஏற்றது. அட்டவணையின் ஒவ்வொரு வரியில் இருந்தும், அதாவது ஆளுக்கு ஒன்றாக, என் ஸ்கிரிப்ட் ஒரு ஃபைல் எழுதும். எல்லாம் ஒரே ஃபோல்டரில் போய்ச் சேரும். அப்புறம் ஒரே ஒரு டெம்ப்ளேட். அதற்குள் ஒரு லூப். ஃபோல்டரில் இருக்கும் ஃபைலை ஒவ்வொன்றாக எடு, பெயரை இங்கே வை, ரத்த வகையை அங்கே வை, அடுத்த ஆளுக்குப் போ. முந்நூறு பேருக்கும் முந்நூறு அட்டைகள், நான் எழுதியதோ எட்டு வரி. இட்லித் தட்டு மாதிரிதான், அச்சு ஒன்றே, மாவை ஊற்றிக்கொண்டே இருக்கலாம்.

டெம்ப்ளேட்டுக்குச் சின்னச் சின்ன உதவியாளர்களும் உண்டு. ஒன்று ரத்த வகை பார்த்துப் பிரிக்கும். இன்னொன்று, ரத்தம் கொடுத்து மூன்று மாதம் ஆகாதவர்களைத் தாண்டிப் போகும். பெண்களுக்கு நான்கு மாதம். போன் எண்களை வெளியே காட்டவில்லை. எந்த அட்டையைத் தட்டினாலும் பிரகாசி அக்காவுக்குத்தான் அழைப்பு போகும்.

அக்கா படுத்தபடியே எட்டிப் பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள். இரண்டாயிரத்துப் பதினேழுக்குப் பிறகு அவள் என் வேலையைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை. பதினேழைப் பற்றி இன்று எழுதப் போவதில்லை.

செப்டம்பர் 14, சனி

தளம் வெளியே வந்துவிட்டது. சாமியார் தன் போனில் திறந்து பார்த்துவிட்டு மூன்று முறை "அருமை" என்றார்.

முதல் வேலையாக ஓ நெகட்டிவ் பக்கத்தைத் திறந்தேன். இரண்டு அட்டைகள். ச. ஜூடு, பெ. வனிதா.

ஃபோல்டரில் ஓ நெகட்டிவ் நாலு பேர். ஒருவர் கப்பலில், சிங்கப்பூர்ப் பக்கம்; ஊரில் இல்லாதவர்களையும் லூப் காட்டாது. இன்னொருவர் போன மாதம்தான் கொடுத்திருக்கிறார், லூப் அவரைத் தாண்டிவிட்டது. மீதி இரண்டு. டாக்டர் கேட்டது நாலு. ஜூடு லாஞ்சுக்குப் போகிற ஆள், வாரத்தில் ஐந்து நாள் கடலில் இருப்பான்.

இவ்வளவு பெரிய ஊரில் இவ்வளவுதானா?

செப்டம்பர் 16, திங்கள்

தூத்துக்குடியில் இரண்டு கல்லூரிகளுக்குப் போனேன். லிஸ்ட் தருகிறோம் என்றார்கள். தரவில்லை. சென்னை ஆபீஸ் குழுவில் போட்டேன். பதினொரு பேர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு கைகூப்பினால் யாருக்கு ரத்தம் ஊறும்?

அவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்பது வேறு விஷயம்.

செப்டம்பர் 18, புதன்

காலையில் அக்காவுக்கு ரத்தம் பட்டது. கொஞ்சம்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்க்கிறார்கள். ஊசி போட்டதும் நின்றுவிட்டது. அக்காவின் கணவர் டெரன்ஸ் மச்சான் கடலில் இருந்து வந்ததும் வராததுமாக, மீன் வாடையோடு வார்டு வாசலில் நின்றார். நர்ஸ் உள்ளே விடவில்லை.

என்னைப் பார்த்து, "நாலு பேரு ஆயிட்டாவளா?" என்றார்.

"ஆயிட்டே இருக்கு மச்சான்" என்றேன். பொய் சொன்னேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

இன்று என் வாயால் கெட்டேன்.

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டுக் கோயில் கூடத்துக்குப் போனேன். சங்கத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஓ நெகட்டிவில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்று பிரகாசி அக்காவிடம் சொன்னேன்.

"ரெண்டா? ரேடியோ இருக்காம்லா. குளிரு இருக்காம்லா. எனக்கு நல்லாத் தெரியும், நாந்தான எழுதி வாங்குனேன்."

"லிஸ்ட்ல இல்லையே அக்கா."

"இருப்பாவ, நல்லாப் பாரு."

இரண்டு நாள் தூங்காத எரிச்சல். "நான் பாக்கிறது இருக்கட்டும். நீங்க படிவத்தை எங்க தொலைச்சீங்க? பிஸ்கட் டின்ல போட்டு வச்சா இப்படித்தான் ஆகும். எங்க அக்கா உயிரு இது, விளையாட்டுல்ல" என்றேன். எல்லோர் முன்னிலையிலும்.

பிரகாசி அக்கா முந்தானையை எடுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அம்மாவுக்கு நான் வீடு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. இந்த ஊருக்கு எதற்கு வெப்சைட்?

செப்டம்பர் 21, சனி

காலை ஏழு மணிக்கு வாசலில் பிரகாசி அக்கா. கையில் டின். உள்ளே வந்தார், பாயை விரித்தார், படிவங்களைக் கொட்டினார்.

"எண்ணு" என்றார்.

எண்ணினோம். அவர் ஒரு முறை, நான் ஒரு முறை. முந்நூற்று நாற்பத்தாறு. அட்டவணையைத் திறந்தேன். அதிலும் முந்நூற்று நாற்பத்தாறு வரிகள், ஒன்றுகூட விடுபடவில்லை. தளத்துக்குள் எத்தனை பேர் என்று நான் எண்ணியதே இல்லை. அழகாக இருக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறேன். லூப்பில் ஒரு வரி சேர்த்து, தாண்டிப் போகிறவர்களையும் விடாமல் எண்ணச் சொன்னேன்.

முந்நூற்று ஒன்று.

நாற்பத்தைந்து பேரைக் காணவில்லை. யார் யார் என்று ஒப்பிட்டுப் பார்த்தேன். அ. அந்தோணி, அ. அந்தோணி, அ. அந்தோணி, ச. சேவியர், அ. அந்தோணி, அ. மேரி.

எங்கள் ஊர்க் கோயில் புனித அந்தோணியார் கோயில். வீட்டுக்கு வீடு தலைப்பிள்ளை அந்தோணிதான். அவன் அப்பனும் அந்தோணிதான். ஆக, அ. அந்தோணி என்ற பெயரில் மட்டும் பதினான்கு படிவங்கள். என் ஸ்கிரிப்ட் ஆளின் பெயரையே ஃபைலுக்கும் பெயராக வைத்தது. இரண்டாவது அ. அந்தோணி வந்ததும் முதலாமவரை அழித்து அதே இடத்தில் எழுதியது. மூன்றாமவர் இரண்டாமவரை அழித்தார். பதினான்கில் கடைசியாக மிஞ்சியவர் பி பாசிட்டிவ் உள்ள லண்டன். லூப் மீது குற்றமில்லை, ஃபோல்டரில் இருந்தவர்களை அது ஒழுங்காகக் காட்டியது. இல்லாதவர்களைப் பற்றி அது எப்படிச் சொல்லும்?

இந்த ஊரில் பட்டப்பெயர் கேலிக்காக வந்ததில்லை. பதினான்கு அந்தோணிகளில் ஒருவரைக் கூப்பிட வேறு வழி இல்லாததால் வந்தது. இது பிறந்ததில் இருந்தே எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அந்த இடத்தை எடுத்தேன்.

"நீங்க அன்னைக்கே ஏங்க்கா சொல்லல?"

"படிச்ச புள்ள, ஒரு காரணம் இல்லாமலா எடுக்கும்னு இருந்துட்டேன்."

அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

பூசை முடிந்ததும் கூடத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை இருந்த பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். படிவம் எதுவும் தொலையவில்லை, தப்பு என்னுடையது, பிரகாசி அக்காவைப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். குரல் பாதியில் உடைந்துவிட்டது, வெட்கமாகப் போயிற்று.

பிரகாசி அக்கா, "சரி சரி, அழாத. மூக்கத் தொடச்சுக்க" என்றார். பிறகு, "பட்டப்பேர ஏன் எடுத்தேன்னு மட்டும் சொல்லு" என்றார்.

சொன்னேன். எங்கள் தாத்தா ஒரு கல்யாணப் பந்தியில் பதினேழு அவித்த முட்டை தின்றார். அன்று முதல் நாங்கள் 'அவிச்சமுட்டை' குடும்பம். பத்தாம் வகுப்புவரை பள்ளியில் யாரும் என்னை ஆக்னஸ் என்று கூப்பிட்டதில்லை. பட்டியல் போட்டால் அதில் என் பெயருக்குப் பக்கத்திலும் அது வரும். நானும் படிவம் கொடுத்தவள்தானே.

கூடமே சிரித்தது. "பதினேழு இல்லட்டி, இருவத்தொண்ணு" என்றார் ஒரு பெரியம்மா. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

செப்டம்பர் 25, புதன்

சரி செய்துவிட்டேன். இப்போது ஃபைலுக்குப் பெயர் படிவ எண். பட்டப்பெயர்களை நானே ஒவ்வொன்றாகத் தட்டினேன், விரல் வலிக்கிறது. அட்டையில் பெயருக்கு மேலே, பெரிய எழுத்தில் பட்டப்பெயர் வரும். என்னுடையதும்.

லூப் எண்ணிச் சொன்னது: முந்நூற்று நாற்பத்தாறு.

ஓ நெகட்டிவ் ஒன்பது பேர். கப்பலில் இருப்பவரையும் இப்போது கொடுக்க முடியாதவர்களையும் கழித்தால் ஐந்து. ஜூடு, வனிதா, மூன்று அ. அந்தோணிகள்: ரேடியோ, குளிர், ஏழுமணி. மூவரையும் நேரில் போய்ப் பார்த்தேன். குளிர் அந்தோணி செப்டம்பர் வெயிலில் மப்ளர் கட்டிக்கொண்டு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "எப்ப வேணும்னாலும் கூப்புடு மக்கா, ஆஸ்பத்திரில ஏசிய மட்டும் கொறைக்கச் சொல்லு" என்றார்.

செப்டம்பர் 27, வெள்ளி

அக்காவுக்கு மீன் குழம்பு. எனக்குத் துணி துவைப்பு. வேறொன்றும் இல்லை, நல்ல நாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

2017 மார்ச் மாதம். அக்காவின் முதல் பிரசவம். மதியம் இரண்டு மணிக்கு மச்சானிடம் இருந்து மெசேஜ்: ரத்தம் அதிகமாகப் போகிறது, ஓ நெகட்டிவ் வேண்டும், உனக்குத் தெரிந்தவர்கள் தூத்துக்குடியில் இருந்தால் சொல். அன்று ஆபீஸில் ஒரு பெரிய வேலை வெளியே போகவேண்டிய நாள். 'பார்க்கிறேன்' என்று பதில் அனுப்பினேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி எடுத்தபோது மணி ஆறு. ஏழு அழைப்புகள். குழந்தை போய்விட்டது. அக்காவுக்கு ரத்தம் நாலரைக்குத்தான் கிடைத்திருக்கிறது.

நான் உடனே தேடியிருந்தால் கிடைத்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நான் தேடவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை, மறு வாரம்தான் வந்தேன். அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஒனக்கு வேலை இருந்துருக்கும், எனக்குக் கோவமே இல்ல" என்றாள்.

இந்த முறை நான் வந்தது லீவு வீணாகிவிடும் என்பதற்காக இல்லை.

அக்டோபர் 5, சனி

அக்காவுக்கு ரத்தம் நிற்கவில்லை. காரில் போகிறோம்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்றுக் காலை பத்தரை மணி. அக்கா குளியலறையில் இருந்து கூப்பிட்டாள். தரையெல்லாம் சிவப்பு. அம்மாவும் நானும் அவளைத் தூக்கிக் காரில் போட்டோம், பக்கத்து வீட்டுப் பையன் ஓட்டினான். மச்சான் கடலில். ஜூடுவும் கடலில். நான் பிரகாசி அக்காவுக்குப் போன் போட்டேன். "வச்சிரு, கட் பண்ணாத" என்றார். ஓடுகிற மூச்சு கேட்டது, கோயில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு மைக்.

"அவசரச் செய்தி. டெரன்ஸு பெஞ்சாதி புளோராவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாவ. ரத்தம் வேணும். ரேடியோ, குளிரு, ஏழுமணி, பள்ளிக்கூடத்து வனிதா. நாலு பேரும் போட்ட துணியோட கோயில் வாசலுக்கு வாங்க, வேன் நிக்கி. காலைல சாப்புடாத ஆளு ரெண்டு இட்லியத் தின்னுட்டு ஓடியாங்க."

தன் ஞாபகத்தை விட்டுவிட்டு என் பழைய பட்டியலை மட்டும் நம்பியிருந்தால் அவர் வனிதாவை மட்டும்தான் கூப்பிட்டிருப்பார்.

நாங்கள் போய்ச் சேர்ந்த இருபதாவது நிமிடம் வேன் வந்தது. ரத்த வங்கியில் இருந்தது ஒரே ஒரு பை. அதை ஏற்றிக்கொண்டே அக்காவை உள்ளே கொண்டு போனார்கள். நாலு பேரும் வரிசையாகப் படுத்துக் கொடுத்தார்கள். சோதனை முடிந்து, பைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. இரண்டு போனது. மூன்றாவதும் போனது. ஏழுமணி அந்தோணி ஜூஸ் குடித்துக்கொண்டே, "இன்னும் வேணும்னா நான் ஒண்ணு கூடக் குடுப்பேன்" என்று நர்ஸிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த முறை நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். கூப்பிட யாரும் இல்லை, எல்லோரும் அங்கேயே இருந்தார்கள்.

மாலை நாலு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். பெண் குழந்தை. இரண்டே கால் கிலோ. "ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. ரத்தம் மட்டும் அரை மணி லேட்டாகியிருந்தா..." என்றவர் முடிக்காமல் போய்விட்டார்.

அம்மா தரையிலேயே உட்கார்ந்து செபமாலையை எடுத்தாள். எனக்குச் செபம் வரவில்லை. குளிர் அந்தோணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் மப்ளரைக் கழற்றித் துடைக்கக் கொடுத்தார்.

அக்டோபர் 9, புதன்

அக்காவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். குழந்தை பக்கத்தில். அம்மா காப்பி வாங்கப் போயிருந்தாள்.

"ஏட்டி" என்றாள் அக்கா.

"என்னக்கா?"

"அன்னைக்கு நீ வராததுக்கு எனக்குக் கோவமே இல்லன்னு சொன்னேம்லா."

"ஆமா."

"பொய் சொன்னேன். ஏழு வருசமும் இருந்துச்சு. ஒன் மொகத்தப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும்."

எனக்குத் தலை நிமிரவில்லை. "தெரியும்க்கா" என்றேன்.

"இந்த ஒரு மாசமா நீ அந்தப் பொட்டி முன்னால கெடந்தத படுத்துக்கிட்டே பாத்துட்டுத்தான் இருந்தேன்." குழந்தையின் போர்வையைச் சரி செய்தாள். பிறகு, "இவளக் கொஞ்சம் தூக்கு, எனக்குக் கை வலிக்கி" என்றாள்.

தூக்கினேன். அம்மா காப்பியோடு வந்து ஆறிப்போகிறது என்று மூன்று முறை சொல்லும்வரை கீழே வைக்கவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

எல்லோரும் வீட்டில். நாளைக்குத்தான் ஆபரேஷன் தேதி என்று காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறது. குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆளுக்கொரு பெயர் சொல்லி ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் குழந்தையின் ரத்த வகை எழுதியிருந்தது. ஓ நெகட்டிவ். மச்சான் அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிரகாசி அக்கா மதியம் பார்க்க வந்தார், கையோடு ஒரு வெற்றுப் படிவம் கொண்டுவந்திருந்தார்.

"இவளயும் ஏத்திரு."

"அக்கா, பதினெட்டு வயசு ஆகணும்."

"ஆவும்போது ஆவட்டும். நீ ஏத்து."

புளோரா அக்கா படுத்திருந்தபடியே படிவத்தை நிரப்பினாள். பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டாள், வயது என்ற இடத்தில் பிறந்த தேதியை எழுதினாள். வேண்டாமென்று சொல்ல நான் யார்? படிவ எண் 347. ஒரு ஃபைல் எழுதினேன். டெம்ப்ளேட்டில் புதிதாக ஒரு நிபந்தனை சேர்த்தேன்: வயது பதினெட்டு ஆகாதவர்களைத் தாண்டிப் போ.

தளத்தைப் புதுப்பித்தேன். லூப் அவளிடம் வந்தது, பிறந்த தேதியைப் பார்த்தது, தாண்டிப் போனது. பக்கத்தில் எதுவும் மாறவில்லை. இனி ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அவளிடம் வரும், பார்க்கும், தாண்டும். 2042 அக்டோபர் ஐந்தாம் தேதி தாண்டாது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, காலண்டரில் பார்த்துவிட்டேன்.

ஒரே ஒரு சிக்கல். இந்த மாதிரித் தளம் தானாக மாறாது. அன்றைக்கு யாராவது ஒருவர் உட்கார்ந்து புதுப்பிக்க வேண்டும். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயதாகியிருக்கும். எந்த வேலையில் இருந்தாலும் அன்று லீவு போட்டுவிட்டு இங்கே வந்துவிடுவேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

"வருவ" என்றாள் அவள்.